தன்னறிமுகமும் தற்புகழ்ச்சியும்

மலேசியத் தமிழர் இருவர் முதன்முறை சந்திக்கும்பொழுது, ஒரு காலத்தில் முதலில் எழுந்த கேள்வி, "எந்தத் தோட்டம்?" என்பதே. பெயரைக் கேட்பது அதற்குப் பின்னர்தான். தோட்டத்தின் பெயர் தெரிந்துவிட்டால் மற்றவை தாமே விளங்கும். லயத்தின் வரிசையும், கோயிலின் திருவிழா நாளும், தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் பெயரும், கிராணியாரின் குணமும் பேச்சில் வந்து சேரும். கேட்டவருடைய மாமனோ சிற்றப்பனோ அத்தோட்டத்தில் சில ஆண்டுகள் பால்மரம் சீவியிருப்பார். இரண்டு நாழிகைப் பேச்சுக்குள் அயலார் இருவர் உறவினர் ஆகிவிடுவர்.

இவ்வழக்கம் தோட்டங்களில் புதிதாகத் தோன்றியதன்று. ஊரையும் தொழிலையும் முன்வைத்துப் பெயரைப் பின்வைத்தல் தமிழரின் பழைய மரபு. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் முதலிய சங்கப் புலவர் பெயர்களே இதற்குச் சான்று. இன்னார் என்பதற்கு முன் இவ்வூரார், இத்தொழிலார் என்பது தெரிய வேண்டும் எனத் தமிழர் எண்ணினர். தனிமனிதன் வேரின்றி நிற்பதில்லை என்னும் கருத்தே இப்பெயர்களில் அடங்கியிருக்கிறது.

வேர் பிடுங்கப்பட்டபின் ஒருவன் தன்னை எவ்வாறு அறிமுகம் செய்துகொள்வான்? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுவே.

தோட்டம் போனபின்

தைப்பிங் நகரம் பேராக் மாநிலத்தின் பழைய தலைநகரம். 1937 வரை அப்பெருமை அதற்கு இருந்தது. ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் அது. சுரங்கம் தோண்டிய நிலமே 1880-இல் ஏரிப் பூங்காவாயிற்று. மலாயாவின் முதல் இரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிற்று. இத்துறைமுகம் இன்று கோலா செப்பெத்தாங் எனப்படுகிறது. பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களிலோ ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன.

அத்தோட்டங்கள் நிலைக்கவில்லை. 1950-களில் ஆங்கில முதலாளிகள் பெருந்தோட்டங்களை விற்றனர். வாங்கியவர் அவற்றைத் துண்டுகளாக்கினர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை ஆராய்ந்து உங்கு அசிஸ் அளித்த அறிக்கை 1962-இல் வெளிவந்தது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும், தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் திரட்டியதும், இத்துண்டாடலை எதிர்க்கவே. எனினும் பின்வந்த ஆண்டுகளில் இரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது. நகரை அடுத்த தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. குடும்பங்கள் நகர்ப்புற அடுக்ககங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் பெயர்ந்தன.

"எந்தத் தோட்டம்?" என்னும் கேள்வி இன்றும் முதியோர் வாயில் இருக்கிறது. இளையோரிடமோ அதற்கு விடையில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னால், அது இன்று ஓர் அங்காடியின் பெயராகவோ சாலையின் பெயராகவோ இருக்கிறது. இந்த வெற்றிடத்தில் வேறு வேறு விடைகள் எழுந்துள்ளன. சிலர் கோயிலைச் சொல்வர். சிலர் காற்பந்துக் குழுவைச் சொல்வர். சிலர் தாம் கேட்டு வளர்ந்த இசையைச் சொல்வர். இறுதியாகக் கூறிய விடையை ஆராய்தல் தகும். அதிலும், பலரும் வெறும் இரைச்சல் என ஒதுக்கும் 'ஹெவி மெட்டல்' இசையின் பழஞ்சுவைஞர், தம்மை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொள்ளும் முறை தனியே நோக்கத்தக்கது. அதற்கு ஓர் இலக்கிய வடிவம் உண்டு. அவ்வடிவம் தமிழ் ஆசிரியர்க்குப் புதியதும் அன்று.

இசையின் பிறப்பு

மெட்டல் இசை செல்வர் வீட்டில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பர்மிங்காமில் 1968-இல் கூடிய நால்வர் பின்னர் 'பிளேக் சபாத்' எனப் பெயர் பூண்டனர். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13-இல் வெளிவந்தது. கித்தார் வாசித்த டோனி அயோமி பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபொழுது, பொறியில் அகப்பட்டு வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கத்தினர். ஆதலின் நரம்பை அழுத்தும் கையே ஊனமுற்றது. பிளாஸ்டிக்கை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய நரம்புகளைத் தேடினார். பின்னர் நரம்புகளின் சுருதியையும் தாழ்த்தினார். அவ்விசையின் இருண்ட, கனத்த ஓசைக்கு அந்தக் காயமும் ஒரு காரணம்.

தோட்டத்து மகனுக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையில் விரல் இழந்தவர் எவரையேனும் அவன் அறிவான். ஓசையைப் பொறுத்தும் அவனுக்குப் பெரும் வியப்பு இராது. உருமியின் தோலைக் குச்சியால் தேய்க்கும்பொழுது எழும் முழக்கம், இனிய ஒலி என்னும் இலக்கணத்துள் அடங்காது; ஆயினும் கேட்பவன் உடலை அது ஆட்டுகிறது. உறுத்தும் ஓசையும் இசையாகும் என்பதை அவன் திருவிழாவில் முன்பே கற்றவன்.

மலேசியாவில் இவ்விசை மலாய் வடிவத்தில் பரவிற்று. ஜொகூர் பாருவில் 1981-இல் தோன்றிய 'செர்ச்' குழுவும், அதன்பின் வந்த 'விங்ஸ்' குழுவும் நாடெங்கும் புகழ்பெற்றன. அக்காலத்து இசையை மக்கள் 'ரோக் காப்பாக்' என்றனர். 'காப்பாக்' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கோடரி என்பது பொருள். ஆஸ்திரேலியாவில் பயின்ற மலேசிய மாணவர் 1987-இல் அமைத்த 'குரோமோக்' இன்னும் கடுமையான இசையைத் தந்தது. ஒலிநாடாக்களின் வழியே இவை சிற்றூர்களையும் எட்டின.

பழஞ்சுவைஞரின் கூற்று

இவ்விசையின் பழஞ்சுவைஞர் கூடும் இடங்களில் தன்னறிமுகம் ஏறத்தாழ ஒரே அமைப்பில் நிகழும். அதன் பாங்கைக் காட்ட, தைப்பிங்கைச் சேர்ந்த ஒருவர் கூற்றாக ஒன்றை இங்கே அமைத்துக் காணலாம்:

"ஊர் தைப்பிங். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. லாரி ஓட்டுகிறேன். படிவம் இரண்டில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கேசட் கொடுத்தார். அது அவருக்கு அவர் கூட்டாளி பதிந்து கொடுத்தது. ஒரு பக்கம் மெட்டாலிகா, மறு பக்கம் செர்ச். மழைக்காலத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கேட்டேன். அந்த அண்ணன் இப்போது இல்லை. கேசட் இருக்கிறது."

கூற்று கற்பனையே, அமைப்பு கற்பனையன்று. பெயர், ஊர், தொழில், முதலில் கேட்ட காலம், முதலில் கொடுத்தவர், அவருக்குக் கொடுத்தவர், இன்றுள்ள நிலை என்னும் உறுப்புகள் இத்தகைய அறிமுகங்களில் உலகெங்கும் காணப்படுகின்றன. பிரேசில் நாட்டவன் ஆயினும் பின்லாந்து நாட்டவன் ஆயினும் 'எந்த ஆண்டு, எந்த இசைத்தட்டு, யார் தந்தது' என்னும் மூன்றையும் சொல்லாமல் விடுவதில்லை.

பவணந்தியார் நன்னூலில் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுப் பொருள் வகுத்தார். நூலைச் செய்தவன் பெயர், அந்நூல் வந்த வழி, அது வழங்கும் நிலத்தின் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லக் கருதிய பொருள், கேட்டற்குரியார், கேட்டலால் ஆம் பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர் எனக் காட்டினார். இவற்றை மேற்கண்ட கூற்றோடு பொருத்திப் பார்த்தல் எளிது. லாரி ஓட்டுநர் தம் பெயரோடு ஊரையும் சொல்கிறார், அது எல்லை. படிவம் இரண்டு என்கிறார், அது காலம். அண்ணன் வீடு களம். இவற்றுள் தலையாயது வழி. அண்ணன் தந்தார், அண்ணனுக்கு அவர் கூட்டாளி தந்தார் என்று சொல்லும்பொழுது, முதல்நூலிலிருந்து வழிநூல் வந்த முறை கூறப்படுகிறது.

கேட்டற்குரியார் யாவர் என்னும் பொருளும் இவ்வறிமுகத்தில் உண்டு. குழுக்களின் பெயர்களை அடுக்கிச் சொல்வதன் நோக்கம் பெரும்பாலும் அதுவே. 1981-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து விளம்பர ஏடு ஒன்றில் லார்ஸ் உல்ரிக் என்னும் பதினேழு வயது இளைஞன் சிறு விளம்பரம் கொடுத்தான். முரசு வாசிக்கும் தனக்குத் துணை வாசிப்பவர் வேண்டும் என்று கூறி, தனக்குப் பிடித்த குழுக்கள் சிலவற்றின் பெயரையும் குறித்தான். அப்பெயர்களை அறிந்தவர் மட்டுமே விடையளிப்பர் என்பது அவன் கருத்து. அவ்விளம்பரத்தின் பயனாகப் பிறந்ததே மெட்டாலிகா. அக்குழு 2013 ஆகஸ்டில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் வாசித்தது. தன்னறிமுகத்தின் நான்கு வரி எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு இது ஒரு சான்று.

தற்புகழ்ச்சியா?

"முப்பத்தைந்து ஆண்டாகக் கேட்கிறேன்" என்று ஒருவர் அவையில் சொல்வது தற்புகழ்ச்சி ஆகாதோ என்று தமிழ் ஆசிரியர் ஐயுறுவர். ஐயம் தக்கதே. எல்லாக் கலையிலும் வல்லவன் ஆயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூலார் துணிபு. ஆதலின்தான் சிறப்புப்பாயிரத்தைச் செய்யும் உரிமையைத் தன் ஆசிரியன், தன்னோடு கற்றவன், தன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்னும் நால்வர்க்கே தந்தார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன் கற்றவர் என்பது மரபு.

ஆயினும் நன்னூலார் நான்கு இடங்களில் விதிவிலக்கும் தந்தார். அரசன் அவைக்கு ஓலை எழுதும்பொழுது, தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்பொழுது, அவையில் வாதிட்டு வெல்லும்பொழுது, எதிரி தன்னைப் பழித்தபொழுது என்னும் நான்கிடத்தும் புலவன் தன்னைப் புகழலாம். இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் மெட்டல் சுவைஞர்க்கு முழுவதும் பொருந்தும்.

பழிப்பு அவர்களுக்குப் புதிதன்று. 1992-இல் நீண்ட முடி வைத்த ரோக் பாடகர் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றலாகாது என்னும் நிலை ஏற்பட்டது. செர்ச், விங்ஸ் குழுக்களின் பாடகர் பலர் அறிய முடியை வெட்டிக்கொண்டனர். 2001-இல் 'பிளேக் மெட்டல்' என்னும் பிரிவைக் கேட்போர்மேல் கெடா முதலிய மாநிலங்களில் ஐயம் எழுந்து, பள்ளி மாணவரும் விசாரிக்கப்பட்டனர். 2005 டிசம்பர் 31 இரவு கோலாலம்பூரில் ஓர் இசை நிகழ்ச்சியில் காவலர் புகுந்து இளைஞர் பலரைப் பிடித்துச் சென்றனர். அடுத்த மாதமே, 2006 ஜனவரியில், தேசிய ஃபத்வா மன்றம் 'பிளேக் மெட்டல்' முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என அறிவித்தது. கறுப்புச் சட்டை அணிந்தவன் எல்லாம் பேய் வணங்குபவன் என்னும் பேச்சு இனவேறுபாடின்றி எல்லா வீடுகளிலும் புகுந்தது. மகன் பையில் இருந்த ஒலிநாடாவைத் தாய் ஐயத்தோடு நோக்கிய காலம் அது.

அத்தகைய காலத்தைக் கடந்து வந்த ஒருவர், "இத்தனை ஆண்டாகக் கேட்கிறேன், வேலை செய்கிறேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்" என்று சொல்வாராயின், அது பெருமை பேசுதல் அன்று, பழிக்கு விடை கூறுதல். ஆண்டுகளின் எண்ணிக்கை ஈண்டுச் சான்றாக நிற்கிறது. கேட்டதனால் கெட்டுப்போகவில்லை என்பதற்கு வாழ்ந்து காட்டிய ஆண்டுகளை விட வேறு சான்று யாது உண்டு?

ஆற்றுப்படையும் அடைத்த கதவும்

பழஞ்சுவைஞரின் அறிமுகத்தில் குற்றமே இல்லை என்று இதனால் கொள்ளுதல் கூடாது. குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை அறிய, தமிழின் மற்றோர் இலக்கிய வகையை நோக்க வேண்டும்.

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் கலைஞரை ஆற்றுப்படுத்துவன நான்கு. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் காண்கிறான். தான் முன்பு இருந்த நிலையையும், வள்ளலிடம் பெற்ற வளத்தையும், அங்குச் செல்லும் வழியையும் கூறுகிறான். அவன் தன்னைப்பற்றி நிறையவே பேசுகிறான். ஆனால் அவனைத் தற்புகழ்ச்சியாளன் என்று எவரும் கூறியதில்லை. காரணம் தெளிவு: அவன் தன்னைப்பற்றிக் கூறுவன எல்லாம் எதிரே நிற்பவனுக்குப் பயன்படுவன.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் அடுக்களைக் காட்சி தமிழ் ஆசிரியர் அனைவரும் அறிந்தது. ஈன்ற நாய், கண் திறவாத குட்டிகள், கறையான் அரித்த சுவர், அதில் பூத்த காளான். பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, ஊரார் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்ட நிலை அங்குக் காட்டப்படுகிறது. பாணன் இதை மறைத்திருக்கலாம். நல்லியக்கோடன் தந்த யானையையும் தேரையும் மட்டும் சொல்லியிருக்கலாம். அன்று அடைத்த கதவை இன்று சொல்லால் திறக்கிறான். 'நானும் உன்னைப்போல் இருந்தேன்' என்று கேட்பவன் உணர்ந்தால்தான் வழிநடப்பான் என்பதை அவன் அறிவான்.

பழஞ்சுவைஞருள் சிறந்தோர் பேச்சிலும் இப்பண்பு காணப்படும். கடையில் அசல் ஒலிநாடா வாங்கப் பணமின்மை, ஒன்றை ஒருவர் வாங்கப் பத்துப்பேர் பதிந்துகொண்டது, வெளிநாட்டு நண்பருக்கு அஞ்சலில் நாடா அனுப்பியது ஆகியவற்றை அவர்கள் கூச்சமின்றிச் சொல்வர். அஞ்சல்தலையின்மேல் சவர்க்காரமோ பசையோ பூசி அனுப்பினால், முத்திரை மையைக் கழுவிவிட்டு அத்தலையை மீண்டும் ஒட்டலாம் என்பது நாடா பரிமாறிய இளைஞர் உலகெங்கும் அறிந்த தந்திரம். அது சட்டத்துக்குப் புறம்பானது, பெருமைக்குரியதன்று. எனினும் அதைச் சொல்பவர் தம் வறுமையையும் வேட்கையையும் ஒருங்கே சொல்கிறார். கேட்கும் இளைஞன் சிரிக்கிறான். சிரித்தபின் நெருங்கி வருகிறான்.

குற்றமுடைய அறிமுகம் இதற்கு நேர் எதிரானது. அதில் கொடுத்தவர் பெயர் இராது. ஆண்டு மட்டும் இருக்கும். "நீ பிறக்குமுன்பே கேட்டவன்" என்னும் தொனி இருக்கும். எண்பது குழுக்களின் பெயர் அடுக்கப்படும்; ஒன்றையேனும் கேட்டுப்பார் என்று சொல்லப்படாது. கறுப்புச் சட்டையில் குழுவின் பெயர் தாங்கிவரும் இளைஞனை நிறுத்தி, "இக்குழுவின் மூன்று பாட்டைச் சொல்" என்று தேர்வு வைப்பதும் உண்டு. அப்படிக் கேட்பவரும் ஒருநாள் ஒன்றும் அறியாதவராய் அண்ணன் வீட்டு வாசலில் நின்றவர்தாமே? அவருக்கு அன்று எவரும் தேர்வு வைக்கவில்லை. ஒலிநாடாவைக் கையில் கொடுத்தனர். பெற்றதை மறந்து பெற்ற ஆண்டை மட்டும் நினைப்பவர் அறிமுகம் ஆற்றுப்படை ஆகாது. அது பாணன் அன்று அடைத்த கதவை மீண்டும் அடைப்பதாகும். பாணன் நாணத்தால் அடைத்தான். இவர் செருக்கால் அடைக்கிறார்.

இத்தேர்வு பெண்களுக்கு இன்னும் கடுமையாக வைக்கப்படுகிறது. ஆண் ஒருவன் 'கேட்கிறேன்' என்றால் ஏற்பவர், பெண் அதையே சொன்னால் சான்று கேட்கின்றனர். விறலியின்றிப் பாணர் கூட்டம் நடந்ததில்லை என்பதை இலக்கியம் அறிந்தோர் அறிவர். அண்டை நாடாகிய இந்தோனேசியாவில், மேற்குச் சாவகத்தின் காருட் வட்டாரத்துப் பள்ளி மாணவியர் மூவர் 2014-இல் 'வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட்' என்னும் மெட்டல் குழுவை அமைத்தனர். தலையில் முக்காடிட்ட அம்மூவரும் எதிர்ப்புகளைத் தாண்டி 2024-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்தனர்; அவ்விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழு அவர்களதே. அவர்களுக்கு இவ்விசையை அறிமுகம் செய்தவர் அவர்கள் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர். தங்கள் கதையைச் சொல்லும்பொழுது அவர்கள் அவ்வாசிரியரை மறப்பதில்லை. இஃது ஆசிரியர்கள் நினைவில் கொள்ளத்தக்கது. வழி கூறுதல் என்னும் பாயிர உறுப்பு அங்குக் குறைவின்றி நிற்கிறது.

தமிழருடைய குழு ஒன்று

தமிழர் இவ்விசையைக் கேட்டதோடு நில்லாமல் படைத்தும் உள்ளனர். சிங்கப்பூரில் 1992-இல் தோன்றிய 'ருத்ரா' இதற்குச் சிறந்த சான்று. முதல் இசைத்தொகுப்பு 1998-இல் வெளிவந்தது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்னும் பெயரில் மூன்று தொகுப்புகள் வந்தன. தங்கள் இசைக்கு 'வேத மெட்டல்' என்று அவர்களே பெயரிட்டுக்கொண்டனர்.

அப்பெயரும் ஒரு தன்னறிமுகமே. பர்மிங்காமிலிருந்து வந்த இசைக்கு உபநிடதத்தைப் பொருளாக்கி, நுதலிய பொருள் இது, நூல்வழி இது என்று இரண்டே சொல்லில் கூறிவிட்டனர். மேனாட்டுக் குழுக்கள் பல தம் நாட்டுப் பழந்தெய்வங்களைப் பாடுவது உண்டு. அவ்வரிசையில் தம் இடம் யாது என்பதையும் இப்பெயரால் உணர்த்தினர். பாயிர நோக்கில் இது செறிவான அறிமுகம்.

குறையும் ஒன்று உண்டு. அவர்கள் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் அமைந்தவை. நூல்வழி தெரிகிறது, வீட்டு மொழி ஒலிக்கவில்லை. இதனைக் குற்றமாகச் சாட்டுதல் முறையன்று. படைப்போன் தன் மொழியைத் தானே தெரிவான். ஆனால் இங்கு விடுபட்டதை நிரப்ப வேறொருவர் வந்தார். சிங்கப்பூர் இசை அறிஞர் யூஜின் தைரியநாதன் 2009-இல் இக்குழுவைச் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தோடு இணைத்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார். தன்னைத் தான் சொல்லிக்கொள்ள இயலாததைத் தகுதியுடைய உரைகாரன் சொல்லலாம் என்ற நன்னூலார் கூற்று இக்காலத்தும் நடைமுறையில் இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

பேராக்கின் பழஞ்சுவைஞர்க்கு இன்னும் அத்தகைய உரைகாரர் தோன்றவில்லை. அவர்களுடைய அறிமுகங்கள் மலாய் கலந்த பேச்சில், கூட்டத்து இரைச்சலில், காற்றோடு போகின்றன. தமிழில் எழுதப்பட்டவை மிக அரிது. தோட்டத்து வாழ்வைப் பற்றி மலேசியத் தமிழ் எழுத்தாளர் நிறையவே எழுதியுள்ளனர். தோட்டத்தைவிட்டு வெளியேறி, நகர்ப்புறத்து அடுக்ககத்தில் மலாய்க்கார, சீன நண்பரோடு ஒரே ஒலிநாடாவைப் பகிர்ந்து வளர்ந்த தலைமுறையின் கூற்று அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. அத்தலைமுறைக்கு இன்று வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒலிநாடாவைப் பிடிக்கும் பூஞ்சணம் நினைவையும் பிடிக்கும்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழ்ப்பள்ளிகளில் 'என்னைப்பற்றி' என்னும் கட்டுரை ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. என் பெயர் இது, என் வயது இது, என் தந்தையின் தொழில் இது, எனக்குப் பிடித்த நிறம் இது என மாணவர் வரிசையாக எழுதுவர். பிழையின்றி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அக்கட்டுரையில் பாயிரத்தின் உயிர் உறுப்பாகிய வழி இல்லை. தனக்குப் பிடித்தது எது என்பது இருக்கும். அதனைத் தனக்குக் காட்டியவர் யார் என்பது இராது.

லாரி ஓட்டும் பழஞ்சுவைஞரின் கூற்று அவ்விடத்தில் ஆசிரியர்க்கு உதவும். அவர் நன்னூல் கற்றவர் அல்லர். ஆயினும் தாம் யார் என்று கேட்டால், தமக்கு ஒன்றைத் தந்தவரின் நினைவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிந்திருக்கிறார். தோட்டத்தின் பெயரை இழந்தபின், கையிலிருந்து கைக்கு வந்த ஒரு பொருளின் வரலாற்றைத் தம் ஊராக்கிக்கொண்டார். "எந்தத் தோட்டம்?" என்னும் பழங்கேள்விக்கு அவர் தரும் விடை, "இன்னார் கொடுத்தார்" என்பது. இரண்டும் உறவைத் தேடும் சொற்களே.

ஆண்டுக் கணக்கு எவர்க்கும் தானே ஏறும். அதற்கு முயற்சி வேண்டா. கொடுத்தவர் பெயரைச் சொல்வதற்கு நன்றி வேண்டும். கேட்பவனுக்கு வழிகாட்டுவதற்கு அன்பு வேண்டும். இவ்விரண்டும் உள்ள தன்னறிமுகம் எத்துணை நீண்டதாயினும் தற்புகழ்ச்சி ஆகாது. இவ்விரண்டும் இல்லாதது ஒரே வரியாயினும் தற்புகழ்ச்சியே.